தாத்தாவின் நீல அச்சு வரைபடச் சுருள்கள்

பாளையங்கோட்டையில் கட்டடப் பொறியாளராக இருந்த என் தாத்தாவின் நீல அச்சு (புளூபிரிண்ட்) வரைபடங்கள் தகரக் குழலுக்குள் இறுகிக் கிடந்தன. அவசரப்பட்டு விரித்த முதல் தாள் அப்பளமாக நொறுங்கியபோது நெஞ்சு பதறியது.

மூடியுள்ள பெரிய தொட்டியில் இரண்டு விரற்கடை நீர் ஊற்றி, நீர் படாத உயரத்தில் கம்பித் தட்டு வைத்து, அடுத்த சுருளை அதன்மேல் கிடத்தி மூடினேன். நம் ஊர் வெக்கையில் இரவெல்லாம் விட்டால் பூஞ்சை பிடிக்கும் என்பதால், மணிக்கொருமுறை திறந்து பார்த்தேன். மாலைக்குள் தாள் துணிபோல் இளகியது. மை உறிஞ்சும் தாள்களுக்கிடையே விரித்துப் பலகை ஏற்றினேன். கரையும் மையில் குறிப்பெழுதிய தாள்களை இதில் சேர்க்கவில்லை.

1842-இல் ஆங்கிலேய அறிவியலாளர் ஜான் ஹெர்ஷல் கண்டறிந்த இந்த நீல அச்சு வெளிச்சத்தில் வெளிறும், காரத்தில் நிறமிழக்கும். ஆகவே காரம் சேராத பருத்தித் தாளில் பொதிந்தேன். வெளிறியிருந்த படிக்கட்டுப் படம், சில வாரம் இருட்டில் காற்றாட இருந்தபின் ஓரளவு நீலம் மீண்டு, தாத்தா திருத்திய ‘9 அங்குலம்’ தெளிவாகத் தெரிகிறது.