அரங்கு வீட்டுச் சாவி யார் இடுப்பில்?

கோதிக் பாணியில், அதாவது இருண்ட பழைய வீடும் பூட்டிய ரகசியமும் அச்சமுமாக, பழைய கதையைத் திருப்பி எழுத வருகிற பிள்ளைகளிடம் முதலில் நான் கேட்பது, "உங்க ஆச்சி வீட்டுல இருட்டு எங்க இருந்தது?" என்றுதான். பாளையங்கோட்டையில் எங்கள் மாடியில் ஞாயிற்றுக்கிழமை ஏழெட்டுப் பேர் கூடுவோம். பாதிப் பேர் கோட்டை, பனி, ஓநாய் என்று தொடங்குவார்கள். நானும் அப்படித்தான். அம்பாசமுத்திரத்தில் வேர்த்து வடிய உட்கார்ந்து, பனி கொட்டும் கோட்டையைப் பற்றி எழுதினேன். அனுப்பிய பத்திரிகை போன வேகத்தில் திருப்பிவிட்டது. ஆச்சிக்கு வாசித்துக் காட்டினேன். "ஏட்டி, அம்புட்டுப் பெரிய வீட்டத் தூத்துப் பெருக்குறது யாரு?" என்றாள். என் கதையில் அதற்கு ஆளே இல்லை.

எழுத உட்காரும்முன் மூலக்கதையை ஒழுங்காகப் படியுங்கள். நீலத்தாடிக்காரன் கதையையே எடுப்போம். பிரான்சில் ஷார்ல் பெரோ 1697-ல் வெளியிட்டது. ஊருக்குப் போகிற புருஷன் கொத்துச்சாவியைக் கொடுத்து, ஒரு அறையை மட்டும் திறக்காதே என்கிறான். திறக்கிறாள். முன்னாள் மனைவிகளின் பிணங்கள். சாவியில் ஒட்டிய ரத்தம், மணல் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. கடைசியில் அண்ணன் தம்பிமார் வந்து அவனைக் கொல்கிறார்கள். இதுவரை எல்லாருக்கும் தெரியும். அவனுக்கு வாரிசு இல்லாததால் சொத்து முழுக்க அவளுக்கு வருகிறது. அக்காவுக்குக் கல்யாணம், உடன்பிறந்தான்மாருக்குப் படைப் பதவி, தனக்கு வேறொரு நல்ல மாப்பிள்ளை என்று அதைச் செலவழிக்கிறாள். இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். இத்தனைக்குப் பிறகும் பெரோ முதலில் சொல்லும் நீதி, பெண்ணுக்கு ஆவல் கூடாது என்பது! கொன்றவனைப் பற்றி அதில் பேச்சில்லை. நீங்கள் கைவைக்க வேண்டிய இடம் அதுதான்.

அடுத்து, அறை. நம் பக்கத்துப் பழைய வீடுகளில் பட்டாசல் என்கிற கூடத்தைத் தாண்டினால் ஜன்னல் இல்லாத அரங்கு வீடு இருக்கும். நகைப்பெட்டி, பித்தளைப் பாத்திரம், பத்திரம் எல்லாம் அங்கேதான். எங்கள் அரங்கு வீட்டுச் சாவி ஆச்சியின் இடுப்பில் தொங்கியது. உள்ளே என்ன இருக்கிறது என்ற கணக்கு தாத்தாவின் நோட்டில் இருந்தது. சாவி வைத்திருப்பவளுக்கு அதிகாரம் இருப்பதாக ஊரே நினைத்தது. மாமியாரை வில்லியாக்கத் துடிக்கும் கைக்கு இதை ஞாபகப்படுத்துங்கள். கிரிம் சகோதரர்களின் 1812 பதிப்பில் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லப் பார்ப்பவள் பெற்ற தாய்; 1819-ல் அவளைச் சிற்றன்னையாக மாற்றிவிட்டார்கள். பழியை எந்தப் பெண் தலையில் இறக்குவது என்பதும் எழுதுகிறவரின் அதிகாரந்தான்.

ஆணையும் பெண்ணையும் இடம் மாற்றிப் போட்டால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அது சோம்பேறித்தனமாகப் படுகிறது. ஆங்கில எழுத்தாளர் ஏஞ்சலா கார்ட்டர் 1979-ல் இதே நீலத்தாடிக்காரன் கதையைத் திருப்பி எழுதியபோது, குதிரையில் வந்து மருமகனைச் சுட்டுத்தள்ளுவது பெண்ணின் அம்மா. அது நன்றாக அமைந்ததற்குக் காரணம், அந்த அம்மா எப்பேர்ப்பட்டவள் என்று முதலிலேயே காட்டிவிடுகிறார். நமக்கு நாட்டார் தெய்வம் இசக்கி இருக்கிறாள். நகைக்காகக் கொல்லப்பட்டவள், மறுபிறவியில் கள்ளிக்கொப்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து பழிதீர்க்கிறாள். கொலைக்குச் சாட்சி நின்ற கள்ளி! கோயில் கொடையில் வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இனி கறை. இதில் அவசரப்படாதீர்கள். ரத்தத்தை எல்லாரும் எழுதுவார்கள். உங்கள் ஊரில் போகவே போகாத கறை எது? வள்ளியூர்ப் பிள்ளை ஒருத்தி சேங்கொட்டையைப் பிடித்தாள். அந்தக் காலத்தில் வெளுக்கப் போகும் துணியில் சேங்கொட்டைப் பாலால் வீட்டுக்கொரு குறி வைப்பார்கள். துணி நைந்தாலும் குறி போகாது; பால் தோலில் பட்டால் புண்ணாகிவிடும். அவள் கதையில் புதுப்பெண் அரங்கு வீட்டைத் திறக்கிறாள். பிணம் கிடையாது. மரப்பெட்டியில் மடித்து வைத்த சேலைகள். முந்தி ஓரத்தில் ஒன்றில் மூன்று புள்ளி, ஒன்றில் சூலம், ஒன்றில் ரெட்டைக் கோடு. எதுவும் இந்த வீட்டுக் குறி இல்லை. மூன்றும் வேறு வேறு பிறந்த வீட்டிலிருந்து வந்தவை.

முதல் பிரதியில் அவளும் அண்ணனை பைக்கில் வரவழைத்திருந்தாள். அந்த இடத்தைக் கோடு போட்டு அடித்துவிட்டு, ஆச்சி கேட்டதையே கேட்டேன்: அந்த வீட்டில் வேலை செய்வது யார்? மறுவாரம் மாற்றிக்கொண்டு வந்தாள். புறவாசல் வழியாக வெளுக்கிற துணிக்கு அழுக்கெடுக்க வரும் அம்மா, எந்தக் குறி எந்த வீட்டுடையது என்று அறிந்தவள். அவளுக்கு அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார உரிமை கிடையாது. அதனால் அவளை யாரும் கவனிப்பதும் கிடையாது.

புருஷன் திரும்பி வரும் நாள். புதுப்பெண் சாவியைத் தேய்க்கவில்லை. மூன்று புள்ளிச் சேலையை எடுத்து, அழுக்கு மூட்டைக்குள் தன் சேலையோடு சேர்த்துக் கட்டி, புறவாசலில் நீட்டுகிறாள். வாங்கியவள் முந்தியைப் புரட்டிப் பார்க்கிறாள். ஒன்றும் பேசாமல் மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு ஆற்றுப் பக்கம் போகாமல், ஊருக்குள் நடக்கிறாள்.