பெடல்போர்டு ஸ்விட்சுகளுக்கு நாமே லேபிள் செய்வது எப்படி?

பெடல்போர்டு என்பது கிட்டாரின் சத்தத்தை மாற்றக் காலால் மிதிக்கும் ஸ்விட்சுகள் அடங்கிய பலகை. அதில் ஒரு வகையான பெஹ்ரிங்கர் எஃப்சிபி1010 கன்ட்ரோலரில் ஒரு பேங்குக்கு (தொகுதிக்கு) பத்து ப்ரீசெட், அதாவது சேமித்து வைத்த அமைப்புகள், அப்படிப் பத்து பேங்க். ஸ்விட்சுகளுக்கு அடையாளமாக இருப்பதோ வெறும் எண்கள். சோலோ தொடங்கும் நொடியில் அதற்கான லீட் டோன் (சத்தம்) நாலா, ஏழா என்று யோசித்துக்கொண்டிருக்க முடியாது. லேபிள் ஒட்டினால் தீர்ந்தது. ஆனால் லேபிளைப் படிக்கப்போவது நிமிர்ந்து நிற்கும் ஆள். கண்ணுக்கும் தரைக்கும் ஒன்றரை மீட்டர் தூரம், அரைகுறை வெளிச்சம், நடுவில் கிட்டார் வேறு. திரையில் அழகாகத் தெரிவதெல்லாம் அங்கே செல்லாது.

1. பெயர்களை முடிவு செய்யுங்கள்

பெடலின் பெயரை எழுதாதீர்கள், அதை மிதித்தால் என்ன சத்தம் வரும் என்பதை எழுதுங்கள்: கிளீன், கிரஞ்ச், லீட், டிலே. ஒரு சொல் போதும். பேங்க் மாறினால் வேலையும் மாறுகிற ஸ்விட்சுக்கு நிரந்தர லேபிள் வேண்டாம். பேங்குக்கு ஒன்றாகத் தனித்தனிப் பட்டைகள் செய்து மாற்றிக்கொள்ளலாம். காந்தப் பட்டை வாங்கும் எண்ணம் இருந்தால் முதலில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். அலுமினியப் பெட்டியில் அது ஒட்டாது.

2. அளவெடுங்கள்

லேபிளுக்குச் சரியான இடம் ஸ்விட்சுக்கு அந்தப் பக்கம், அதாவது உங்களிடமிருந்து தள்ளி. இந்தப் பக்கம் ஒட்டினால் ஷூ மறைக்கும், நாலு கச்சேரியில் தேய்த்தும் விடும். அங்கே எல்இடியோ குமிழோ இருந்தால் அதை விட்டு மிச்சமிருக்கும் இடத்தை மில்லிமீட்டரில் அளந்து, ஒவ்வொரு பக்கமும் 1 மிமீ குறைத்துக்கொள்ளுங்கள்.

சாதாரண உலோக ஃபுட்ஸ்விட்சின் மரை 12 மிமீ. நட்டைக் கழற்றி, லேபிளில் துளை போட்டு அடியில் மாட்டுவோரும் உண்டு. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் காகிதம் அமுங்கி நட்டு தளரும். முதல் முயற்சிக்கு அது வேண்டாம்.

3. வரையுங்கள்

இங்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருள் இலவசம், அதுவே போதும். பக்கத்தை ஏ4 என்றும் அலகை மிமீ என்றும் வைத்துக்கொண்டு, அளந்த அளவுக்குச் செவ்வகம் போடுங்கள். மூலைகளை 2 மிமீ வளையுங்கள். கூர்மூலைதான் முதலில் உரியும்.

எழுத்தளவில்தான் பலர் கஞ்சத்தனம் காட்டுகிறார்கள். ஏரியல் மாதிரி ஃபான்டில் 20 பாயின்ட் வைத்தால் ஆங்கிலப் பெரிய எழுத்து சுமார் 5 மிமீ உயரம் வரும். அதற்குக் கீழே போகாதீர்கள், 28 இன்னும் நல்லது. தமிழில் எழுதுவதானால் இன்னும் ஒரு படி கூட்டுங்கள். மேலே கொக்கி, கீழே சுழி என்று இடம் போவதால் அதே பாயின்ட்டில் எழுத்தின் உடல் சிறுத்துத் தெரியும். ‘டிஸ்டார்ஷன்’ போன்ற நீளமான சொல் இந்த அளவில் எந்த லேபிளிலும் அடங்காது.

நிறம்: கறுப்புப் பின்னணியில் வெள்ளை அல்லது மஞ்சள். வெள்ளையில் சிவப்பு எழுத்து கூடவே கூடாது. மேடையில் சிவப்பு விளக்கு விழுந்தால் இரண்டும் ஒன்றாகி, எழுத்தே காணாமல் போகும். நிறத்தால் பிரித்துக் காட்ட ஆசையா? ஓரத்தில் ஒரு பட்டை போடுங்கள். டியூப் ஸ்க்ரீமர் பெடல் என்றால் பச்சை, பாஸ் (Boss) நிறுவனத்தின் டிஎஸ்-1 பெடல் என்றால் ஆரஞ்சு என்று கிட்டார்காரர்களின் கண்ணுக்கு ஏற்கெனவே பழக்கம். அதையே பயன்படுத்தலாம்.

4. அச்சிடுங்கள்

பக்கத்தில் 50 மிமீ கோடு ஒன்றையும் வரைந்து, சாதா காகிதத்தில் ஒரு பிரதி எடுத்து ஸ்கேலால் அளந்து பாருங்கள். 48 வந்தால் பிரின்டர் பக்கத்துக்கு ஏற்பச் சுருக்கியிருக்கிறது. அளவை 100 சதவீதமாக மாற்றுங்கள். பிறகு அந்தக் காகிதத்தை வெட்டி போர்டில் வைத்து, விளக்கை அணைத்து நின்றபடியே படித்துப் பாருங்கள்.

சரியாக இருந்தால் ஸ்டிக்கர் கடையில் வினைல் பிரின்ட், மேட் லேமினேஷன் என்று சொல்லுங்கள். பளபளக்கும் லேமினேஷன் விளக்கொளியைத் திருப்பி அடிக்கும். கோப்பை பிடிஎஃப் ஆக்கும் முன் எழுத்துகளைப் பாத் (path) ஆக, அதாவது ஃபான்ட் தேவைப்படாத வெறும் கோட்டு வடிவமாக, மாற்றிவிடுங்கள். கடைக் கம்ப்யூட்டரில் உங்கள் தமிழ் ஃபான்ட் இல்லாவிட்டால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று சிதறிவிடும்.

5. ஒட்டுங்கள்

ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து உலரவிடுங்கள். ஒரு ஓரத்திலிருந்து ஆரம்பித்து, பழைய ஏடிஎம் கார்டால் அழுத்திக்கொண்டே போங்கள். ஒரு நாள் முழுக்க மிதிக்காமல் விட்டால் பசை நன்றாகப் பிடிக்கும். சொரசொரப்பான பெயின்ட்டில் பிடிப்பு குறைவுதான். அங்கே பசை கனமான வினைலாகக் கேளுங்கள். பின்னால் மாற்ற வேண்டுமானால் ஹேர் டிரையரால் சூடாக்கி மெல்ல உரித்தால் போதும், மிஞ்சும் பிசினை அதே ஆல்கஹால் எடுத்துவிடும்.