பரஸ்பர சம்மத விவாகரத்து: மனுவைவிட உடன்படிக்கையில் கவனம் வேண்டும்

இனிச் சேர்ந்து வாழ்வதில்லை என்று முடிவெடுத்த கணவன் மனைவிக்கு, இந்து திருமணச் சட்டம், 1955 முக்கியமாக இரண்டு வழிகளைத் தருகிறது. கொடுமை, இரண்டு ஆண்டுகளுக்குக் குறையாமல் கைவிட்டுப் போனது, பிறருடன் உறவு போன்ற காரணங்களில் ஒன்றை 13ஆம் பிரிவின்கீழ் ஒருவர் மற்றவர்மீது சாட்டி நிரூபிப்பது முதல் வழி. 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 13பி பிரிவின்கீழ் இருவரும் கூட்டாகவே மனுச் செய்வது மற்றொன்று. முதல் வழியில் வாய்தா மேல் வாய்தாவாக ஆண்டுகள் ஓடிவிடும். குறுக்கு விசாரணையில் சொல்லப்படுபவை பிள்ளைகள் வளர்ந்த பிறகும் பதிவேட்டில் இருக்கும். இருவருக்கும் பிரிவதில் சம்மதம் இருந்து, பணம் பற்றி மட்டுமே தகராறு என்றால், அந்தத் தகராறைப் பேசித் தீர்த்துவிட்டு இரண்டாம் வழிக்கு வருவதே நல்லது. சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ் மணந்தவர்களுக்கும் கிறித்தவர்களுக்கும் இதையொத்த பிரிவுகள் அவரவர் சட்டங்களில் உள்ளன.

தொடங்குமுன் ஓர் எச்சரிக்கை. ஊர்ப் பெரியவர்களை வைத்து முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, 'அத்துவிட்டாச்சு' என்று கலைந்து போகும் வழக்கம் இன்னும் இருக்கிறது. தங்கள் சமூகத்தில் அப்படியொரு மரபு தொன்றுதொட்டு இருப்பதை நீதிமன்றத்தில் நிரூபிக்க முடிந்தாலன்றி, அந்தத் தாள் திருமணத்தை முறிக்காது. அதை நம்பி மறுமணம் செய்தவர் இருதார மணக் குற்றச்சாட்டில் மாட்டிக்கொள்ள நேரிடும்.

பரஸ்பர சம்மத மனுவுக்கு முன் இருவரும் குறைந்தது ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். ஒரே வீட்டில் இருந்தாலும் கணவன் மனைவியாக வாழாதிருந்தால் அதுவும் பிரிந்து வாழ்வதே என்று 1991இல் உச்ச நீதிமன்றம் விளக்கியுள்ளது. திருமணம் நடந்த இடம், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம், மனைவி இப்போது வசிக்கும் இடம் ஆகியவற்றில் ஒன்றுக்குரிய குடும்பநல நீதிமன்றத்தில் மனுவைத் தாக்கல் செய்யலாம். முதல் மனுவுக்கும் இறுதி வாக்குமூலத்துக்கும் இடையே ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். பதினெட்டு மாதத்தைத் தாண்டக்கூடாது. நெடுநாள் பிரிந்திருந்து, எல்லாத் தகராறும் தீர்ந்துவிட்ட நிலையில் அந்த ஆறு மாதத்தை நீதிமன்றம் தளர்த்தலாம் என்பது 2017ஆம் ஆண்டுத் தீர்ப்பு. ஆனால் தீர்ப்பாணை வரும்வரை எவரும் தம் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்பதை மறக்கக்கூடாது. அதனால் தொகை முழுவதையும் முதல் நாளே கொடுப்பதும் சரியல்ல, எல்லாம் முடிந்த பிறகு தருகிறேன் என்ற வாய்ப்பேச்சை நம்புவதும் சரியல்ல. ஒரு பகுதியை முதல் மனுவின்போதும், மீதியை இறுதி நாளில் நீதிபதி முன்னிலையில் வரைவோலையாகவும் கொடுப்பது என்று எழுதிக்கொள்வது இருவருக்கும் பாதுகாப்பு.

உண்மையான வேலை உடன்படிக்கையில்தான் இருக்கிறது. 'தந்தை குழந்தையை அவ்வப்போது பார்க்கலாம்' என்ற வரியைப் போல் பின்னாளில் சண்டை மூட்டுவது வேறில்லை. எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, யார் வீட்டில் அழைத்துக்கொண்டு எங்கே திரும்ப விடுவது, கோடை விடுமுறையில் யாரிடம் எத்தனை நாள், பள்ளிக் கட்டணம் உயரும்போது யார் எவ்வளவு ஏற்பது, பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் இருவரும் கையெழுத்திடுவார்களா என்பது வரை எழுத வேண்டும். மனைவி தமக்கு ஜீவனாம்சம் வேண்டாம் என்று எழுதித் தரலாம். குழந்தைக்கு உரியதைத் தாய் விட்டுக்கொடுத்துவிட முடியாது, ஏனெனில் அது குழந்தையின் உரிமை.

'சீதன நகைகள் திருப்பித் தரப்பட்டன' என்பதும் அப்படிப்பட்ட வரிதான். ஒவ்வொரு நகையையும் எடையோடு பட்டியலிட்டு, பெற்றுக்கொண்ட தேதியைக் குறித்து, கையெழுத்து வாங்குங்கள். வீட்டுக் கடன் கூட்டுப் பெயரில் இருந்தால் இன்னும் கவனம் தேவை: 'இனித் தவணைகளைக் கணவரே செலுத்துவார்' என்று நீங்கள் எழுதிக்கொண்டாலும் வங்கி அதில் கையெழுத்திடவில்லை, அவர் தவணை கட்டத் தவறினால் கேள்வி மனைவிக்கும் வரும். ஆகவே வங்கியிடம் பேசிக் கடனிலிருந்து ஒரு பெயரை நீக்கிய பின்னரோ, கடனை அடைத்த பின்னரோ இறுதி வாக்குமூலத்துக்குப் போவது நல்லது. வீட்டுப் பங்கை ஒருவர் விட்டுக்கொடுப்பதாக இருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் அதற்கான பத்திரத்தைப் பதிவு செய்துவிடுங்கள்.

வரதட்சணைக் கொடுமைக் குற்ற வழக்கு நிலுவையில் இருந்தால், 'வழக்கைத் திரும்பப் பெறுகிறேன்' என்ற ஒரு வரி போதாது. தமிழ்நாட்டில் அது தரப்பினர் தாமாகவே சமரசம் செய்து முடித்துவிடக்கூடிய குற்றமல்ல. உயர் நீதிமன்றத்தில் ரத்து மனுப் போட வேண்டும். அதற்கு ஒத்துழைப்பதாகப் புகார் கொடுத்தவர் ஒப்புக்கொள்வதையும், மனுப் போடும் கால வரம்பையும் உடன்படிக்கையில் சேர்க்க வேண்டும்.

செலவு மிச்சம் என்று இருவருக்கும் ஒரே வழக்கறிஞரை வைத்துக்கொள்பவர்கள் உண்டு. மனுவை அவர் எழுதட்டும். உடன்படிக்கையை மட்டுமாவது தனித்தனியாக வேறொருவரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்திடுங்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் இலவச சட்ட உதவி கிடைக்கும். 1987ஆம் ஆண்டுச் சட்டம் அந்த உரிமையைத் தந்திருந்தும், மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அதன் அலுவலகம் இருப்பதை அறியாமல் பலர் கடன் வாங்கிக் கட்டணம் கட்டுகிறார்கள்.

தீர்ப்பாணை வந்ததும் சான்றிட்ட நகல்கள் இரண்டு மூன்று வாங்கி வைத்துக்கொண்டு, வங்கிக் கணக்கு, காப்பீடு, வருங்கால வைப்பு நிதி ஆகியவற்றில் நியமனதாரர் பெயரை அந்த வாரமே மாற்றக் கொடுத்துவிடுங்கள். விவாகரத்து ஆகிவிட்டது என்பதற்காக அந்தப் படிவங்களில் உள்ள பெயர் தானாக மாறிவிடாது.