நேற்று விட்ட இடத்திலிருந்து: ஏஐ உதவியாளருக்கு வேலையைக் கைமாற்றும் முறை

ஏஐ உதவியாளரோடு நிரல் எழுதுபவர்கள் முதலில் மனத்தில் பதிக்க வேண்டியது இது: புது அமர்வைத் (புதிய உரையாடலைத்) திறந்தால், நேற்று மூன்று மணித்தியாலம் கதைத்தது பொதுவாக அதற்குத் தெரியாது. பெரும்பாலும் புரொஜெக்ட் போல்டரில் இருப்பதும் நீங்கள் இப்போது சொல்வதும்தான் அதன் கையில் இருக்கும். ஆகவே, நாளைக்கு வேண்டியதை இன்றைக்கே கோப்பில் எழுதி வைக்க வேண்டும்.

இதற்கு இரண்டு கோப்புகள் வேண்டும். முதலாவது, அடிக்கடி மாறாத விதிகளுக்கு. கிளோட் கோட் என்ற நிரலெழுதும் உதவியாளர் தொடங்கும்போதே ‘கிளோட்.எம்டி’ (CLAUDE.md) கோப்பைத் தானாக வாசிக்கும். கொடெக்ஸ் போன்ற மற்ற உதவியாளர்கள் ‘ஏஜென்ட்ஸ்.எம்டி’யை (AGENTS.md) வாசிக்கும். நிரலை ஓட்டும் கட்டளை, நிரல் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் சோதனைக் கட்டளை, தொடக்கூடாத கோப்புகள் ஆகியவற்றை இதில் எழுதுங்கள். நூறு வரிக்குள் நிறுத்துவது நல்லது. ஒவ்வொரு அமர்விலும் இது முழுதாக ஏற்றப்படுவதால், நீண்டுபோனால் முக்கியமான விதி கூட்டத்தில் காணாமல் போய்விடும். தமிழில் எழுதினால் ஆங்கிலத்தைவிட டோக்கன் (ஏஐ உரையைப் பிரித்து எண்ணும் சிறு துண்டு) கூடுதலாகச் செலவாகும். அதனால் தமிழில் எழுத வேண்டாம் என்றில்லை, சுருக்கமாக எழுதுங்கள். பாமினி எழுத்துருவில் மட்டும் தட்டச்சுச் செய்யாதீர்கள். அது கோப்பில் ஆங்கில எழுத்துகளாகவே சேமிக்கப்படுவதால் உதவியாளருக்கு விளங்காது. யுனிகோட்தான் வேண்டும்.

இரண்டாவது கோப்பு கைமாற்றுக் குறிப்பு. முடிந்தது எது, பிழைச் செய்தியின் சொல் மாறாத வடிவம், அடுத்துச் செய்ய வேண்டிய ஒரே வேலை ஆகியவை இதில் வரும். இவற்றைவிடப் பெறுமதியானது, செய்து பார்த்துச் சரிவராத வழிகளும் எடுத்த முடிவுகளின் காரணங்களும். முடிந்த வேலை நிரலிலேயே தெரியும். காரணம் அங்கே தெரியாது.

சுன்னாகம் சந்தை மொத்த வியாபாரிக்குப் பில் போடும் நிரல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நேரம் தரவுத்தளத்தில் யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) இருக்கிறது. இலங்கை நேரம் அதற்கு 5.30 மணித்தியாலம் முந்தியது. காலை 5 மணிக்குப் போட்ட வெங்காயப் பில் யூடிசியில் முதல் நாள் இரவு 11.30. நாள் கணக்கை இலங்கை நேரத்துக்கு மாற்றிய பின்னரே கூட்டவேண்டும். காரணம் எழுதாமல் விட்டால், அடுத்த அமர்வில் உதவியாளர் அந்த மாற்றத்தைத் தேவையில்லாத வரி என்று நினைத்து நீக்கிவிடலாம். சோதனைத் தரவில் காலை 10 மணிப் பில்கள் மட்டும் இருந்தால் எல்லாம் சரியென்றே காட்டும். குறிப்பில் இப்படி எழுதுங்கள்: “நாள் கணக்கு கொழும்பு நேரத்தில். காரணம்: மாற்றாவிட்டால் காலை 5.30க்கு முந்திய பில்கள் முதல் நாளில் விழும். இந்த வரியை நீக்க வேண்டாம்.” கூடவே 5 மணிப் பில் ஒன்றைச் சோதனையிலும் சேர்த்துவிடுங்கள். குறிப்பை வாசிக்கத் தவறினாலும் சோதனை பிடித்துக்கொள்ளும்.

குறிப்பை நாள் முடிவில் எழுதலாம் என்று விடாதீர்கள். உரையாடல் நீளும்போது கருவி பழைய பகுதியைத் தானே சுருக்கும். அப்போது சரிவராத முயற்சிகளின் விவரம் போய்விடலாம். திடீரென்று கரண்ட் போனால் குறிப்பு எழுத நேரமே கிடைக்காது. ஒவ்வொரு சிறு வேலை முடிந்ததும் குறிப்பைப் புதுப்பித்து, கோப்பு மாற்றங்களின் வரலாற்றை வைத்திருக்கும் கிட் (Git) கருவியில் கொமிட் செய்யுங்கள், அதாவது பதிந்து வையுங்கள். உதவியாளரையே எழுதச் சொல்லலாம், ஆனால் நீங்கள் வாசித்துப் பார்க்க வேண்டும். சில வேளை சோதனையை ஓட்டாமலே “எல்லாம் சரி” என்று எழுதிவிடும். ஓட்டிய கட்டளையையும் வந்த விடையையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

அடுத்த நாள் தொடங்கும்போது உதவியாளரைக் குறிப்பையும் கடைசிப் பத்துக் கொமிட்டுகளையும் வாசித்து, சோதனையை ஓட்டி, அடுத்து என்ன செய்யப்போகிறது என்று சொல்லச் சொல்லுங்கள். அதுவரை எந்தக் கோப்பையும் மாற்ற விடாதீர்கள். பிழையாகச் சொன்னால் உரையாடலில் திருத்துவது போதாது, குறிப்பைத் திருத்துங்கள். இல்லாவிட்டால் நாளை மறுநாளும் அதே பிழை வரும்.

பழைய அமர்வை அப்படியே தொடரும் வசதி கிளோட் கோட்டில் உண்டு. மதியச் சாப்பாட்டுக்கு எழும்பிப் போய்வந்து தொடர அது நல்லது. ஆனால் பிழையான வழியில் போன பேச்சும் கூடவே வரும். அந்த உரையாடல் வழக்கமாக அதே கணினியில்தான் இருக்கும். வேறொரு கணினியில் வேலை செய்தால் கிட்டில் இருக்கும் குறிப்புத்தான் கைகொடுக்கும். குறிப்பு இப்படிக் கிட் வழியாகப் பல இடங்களுக்குப் போவதால், கடவுச்சொல்லையோ ஏபிஐ சாவியையோ (வெளிச் சேவையைப் பயன்படுத்தத் தரும் இரகசியக் குறியீட்டையோ) அதில் எழுதவே கூடாது. பின்னர் அழித்தாலும் பழைய கொமிட்டில் கிடக்கும். தவறி எழுதிவிட்டால் உடனே அந்தச் சாவியை மாற்றிவிடுங்கள்.