பக்கவாதத்துக்குப் பின் கைக்கு வி.ஆர். பயிற்சி கொடுப்பது எப்படி?

வி.ஆர். கண்ணாடி (கணினி உருவாக்கும் காட்சிக்குள் இருப்பது போலக் காட்டும், தலையில் அணியும் கருவி) வழக்கமான பிசியோதெரபிக்கு மாற்று அல்ல. அதோடு சேர்த்துக் கொடுங்கள். 2016-இல் வெளியான எவ்ரெஸ்ட் என்ற பக்கவாத ஆய்வில், திரையைப் பார்த்து ஆடும் நின்டெண்டோ வீ வீடியோகேம் கருவியில் பயிற்சி எடுத்தவர்களும் சீட்டு, பிங்கோ போன்றவை ஆடியவர்களும் ஏறக்குறைய ஒரே அளவே தேறினார்கள்.

வலிப்பு வந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அணியக் கூடாது.

சக்கரமில்லாத, முதுகு சாயும் நாற்காலியில், பாதம் தரையில் பதிய உட்காரவையுங்கள். பலவீனமான கை எட்டும் தூரத்தைப் பார்த்து, விளையாட்டில் தொட வேண்டிய இலக்கை அதைவிடச் சற்றே தள்ளி வையுங்கள். பத்துக்கு ஏழெட்டு தடவை தொட முடிந்தால் அளவு சரி.

பெரும்பாலும் தவறு நடப்பது இங்கேதான்: கை நீளாமல் உடம்பு முன்னால் சாயும், தோள் காதை நோக்கி ஏறும். மதிப்பெண் கூடும், கை தேறாது. கண்ணாடிக்குள் இருப்பவருக்கு இது தெரியாது. பக்கத்தில் ஒருவர் கவனித்தே ஆக வேண்டும். மார்பை அகலமான பட்டையால் நாற்காலியோடு தளர்வாகக் கட்டலாம். தோள் மூட்டு இறங்கியிருந்தால் முழங்கையை மேசையில் தாங்கவைத்து, தோள் உயரத்துக்கு மேல் கையைத் தூக்கும் விளையாட்டுகளைத் தவிருங்கள். கையைப் பிடித்து இழுக்கவே கூடாது.

விரல்கள் மடங்கி இறுகியிருந்தால் கண்ணாடியிலுள்ள கேமரா கையைச் சரியாக அடையாளம் காணாது; விளையாட்டை இயக்கும் கைக்கருவியான கன்ட்ரோலரை வெல்க்ரோ பட்டையால் கையில் கட்டுங்கள். விறைப்பு கூடினால் வேகத்தைக் குறையுங்கள்.

முதல் நாள் 5 முதல் 10 நிமிடம் போதும். குமட்டினால் உடனே கழற்றிவிடுங்கள். பயிற்சி முடிந்ததும் அதே அசைவில் மேசையிலுள்ள டம்ளரைப் பத்து தடவையாவது எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.