பெங்களூரிலிருந்து ரோமுக்கு: குடும்பத்தோடு கோடை விடுமுறையில் போய்வரும் வழி

ரோம் போவதென்று வீட்டில் முடிவானதும் எல்லோரும் முதலில் தேடுவது விமான டிக்கெட் விலையை. அதற்கு முன் பார்க்கவேண்டிய தேதிகள் இரண்டு. விசா மையத்தில் வீட்டில் உள்ள அத்தனை பேருக்கும் ஒரே நாளில் நேரம் கிடைப்பது எப்போது? கொலோசியம், வத்திக்கான் அருங்காட்சியகச் சீட்டுகள் விற்பனைக்குத் திறப்பது எப்போது? இந்த இரண்டும் தெரிந்துவிட்டால் ஓட்டலும் மற்ற ஏற்பாடுகளும் அதற்குள் அடங்கிவிடும். தலைகீழாகச் செய்தால், கொலோசியத்துக்கு வெளியே நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு திரும்பவேண்டி வரும். கீழே வரும் விலைகள் 2025 நிலவரம். பணம் கட்டும் முன் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த வாரம்

பெங்களூர்ப் பள்ளிகள் ஏப்ரல், மே மாதங்களில் விடுமுறை விடுவது இந்தப் பயணத்துக்கு ரொம்ப வசதி. ரோமில் ஜூலை, ஆகஸ்ட் வெயில் 32 டிகிரிக்கு மேல் அடிக்கும். ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி உள்ளூர்க்காரர்கள் பலர் கடையைப் பூட்டிவிட்டுக் கடற்கரைக்குக் கிளம்பிவிடுவார்கள். மே மாதத்தில் பகல் 23, 24 டிகிரி; கடைசி வாரத்தில் எட்டரை மணி வரை வெளிச்சம் இருக்கும். ஈஸ்டர் வாரத்தைத் தவிருங்கள். ஏப்ரல் 25-உம் மே 1-உம் இத்தாலியில் தேசிய விடுமுறை. மே 1 அன்று வத்திக்கான் அருங்காட்சியகமும் மூடியிருக்கும். ஜூன் 2 குடியரசு தின அணிவகுப்புக்காகக் கொலோசியத்தைச் சுற்றிய சாலைகளை அடைப்பார்கள். ஆக, மே 5-க்கும் 28-க்கும் இடையில் வைத்துக்கொண்டால் நல்லது.

விசாவும் நம்முடைய இனிஷியலும்

இத்தாலிக்கும் மற்றப் பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்தாக வேண்டும். முடிவு சாதாரணமாக 15 நாளில் வரும், கூடுதலாக விசாரித்தால் 45 நாள் வரை இழுக்கும். மே பயணத்துக்கு ஜனவரியிலேயே, விண்ணப்பங்களை வாங்கும் விஎஃப்எஸ் மையத்தில் நேரம் பிடித்துவிடுங்கள். மார்ச் வந்தால் ஊரே அங்கேதான் நிற்கும். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயதுக்காரர்களுக்கு 45 யூரோ, 6 வயதுக்குக் கீழ் இலவசம். மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டால் இந்தப் பணம் திரும்பாது. 12 வயது நிரம்பாத பிள்ளைகளுக்குக் கைரேகை எடுப்பதில்லை. மருத்துவக் காப்பீடு ஒவ்வொருவருக்கும் 30,000 யூரோவுக்குக் குறையாமல் இருக்கவேண்டும். பாஸ்போர்ட் 10 வருடத்துக்குள் வழங்கப்பட்டதாக, ஊர் திரும்பும் தேதிக்கு அப்புறமும் 3 மாதம் செல்லுபடியாவதாக, இரண்டு பக்கமாவது காலியாக இருக்கவேண்டும். ரோமோடு பாரிஸும் போகிறீர்கள் என்றால், எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறீர்களோ அந்த நாட்டின் விசாவுக்கு விண்ணப்பியுங்கள். இரவுகள் சமமென்றால் முதலில் நுழையும் நாடு.

தமிழ்க் குடும்பங்களுக்கு அடிக்கடி வரும் சிக்கல் ஒன்று உண்டு. அப்பாவின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். அம்மாவின் பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் அவருடைய அப்பா பெயர். பிள்ளைகளுக்கு இவர்களின் அப்பா பெயர். ஐரோப்பிய அதிகாரியின் கண்ணுக்கு இது ஒரு குடும்பமாகவே தெரியாது. அதனால் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழையும் திருமணச் சான்றிதழையும் சேர்த்தே வையுங்கள். சான்றிதழ் தமிழிலோ கன்னடத்திலோ மட்டும் இருந்தால் நோட்டரி கையெழுத்தோடு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். முகப்புக் கடிதத்தில், 'எங்கள் வழக்கப்படி தந்தையின் பெயரே பின்பெயர்' என்று ஒரு வரி எழுதி, யார் யாருக்கு என்ன உறவு என்பதையும் வரிசையாகச் சொல்லிவிடுங்கள். பிள்ளைகளின் விண்ணப்பத்தில் அப்பா, அம்மா இருவரும் கையெழுத்திடவேண்டும்.

விமான டிக்கெட்டிலும் இதே தலைவலி. குடும்பப் பெயர் காலியாக இருந்தால் சில நிறுவனங்கள் பெயரையே இரண்டு முறை எழுதச் சொல்லும், சில வேறு குறியீடு கேட்கும். அந்தந்த நிறுவனத்தின் முறையைக் கேட்டுப் போடுங்கள். பாஸ்போர்ட்டில் விரித்து எழுதிய பெயரை டிக்கெட்டில் இனிஷியலாகச் சுருக்கக்கூடாது.

பெங்களூரிலிருந்து ஓரிடத்தில் விமானம் மாறித்தான் ரோம் போகவேண்டும். பிராங்பர்ட், மியூனிக் வழி என்றால் குடியேற்றச் சோதனை அங்கேயே நடக்கும். 2025 அக்டோபரில் தொடங்கிய புதிய பதிவு முறையில் முதல்முறை நுழைபவர்களுக்கு முகப்படம் எடுப்பார்கள்; கைரேகையை விசாவுக்கே கொடுத்திருப்பதால் அதை மறுபடி பதிவதில்லை. ஒன்றரை மணி நேர இடைவெளியை நம்பாமல் மூன்று மணி நேரமாவது விட்டுப் பதியுங்கள்.

பெட்டியில் எது போகும், எது போகாது

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் பயணிகள் இறைச்சியோ பால்பொருளோ கொண்டுபோக அனுமதி இல்லை. நெய்ப் பாட்டில், பன்னீர், பால்கோவா மூன்றும் வீட்டிலேயே இருக்கட்டும். பச்சைக் கறிவேப்பிலைக்கும் அனுமதி இல்லை, தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், தக்காளித் தொக்கு, வறுத்த அவல், கடலை மிட்டாய் எல்லாம் எடுத்துப் போகலாம். எண்ணெய் மிதக்கும் எதுவானாலும் இரண்டு பிளாஸ்டிக் உறை போட்டுப் பெரிய பெட்டியில் வையுங்கள்; கைப்பையில் வைத்தால் திரவக் கட்டுப்பாட்டில் மாட்டும்.

நம் ஊர் மூன்று முள் பிளக் இத்தாலியில் நுழையாது. மெல்லிய இரண்டு முள் சார்ஜர் நுழையும். மின்னழுத்தம் இங்கே போலவே 230 வோல்ட் என்பதால் அடாப்டர் போதும், மின்மாற்றி வேண்டாம். சமையலறையோடு வீடு எடுப்பவர்கள் ஒன்று கவனிக்கவேண்டும். இத்தாலிய வீடுகளின் மின் இணைப்பு பெரும்பாலும் 3 கிலோவாட்தான். மின்னடுப்பையும் ஏசியையும் துணி துவைக்கும் இயந்திரத்தையும் ஒன்றாகப் போட்டால் வீடே இருண்டுவிடும். மெயின் சுவிட்ச் எங்கே என்று சாவி வாங்கும்போதே கேட்டு வையுங்கள்.

சீட்டுகள்

கொலோசியத்தின் சாதாரணச் சீட்டு 18 யூரோ. பழைய ரோமின் பொதுச்சதுக்கமான ரோமானிய மன்றமும் பலத்தீன் குன்றும் அதிலேயே அடங்கும். 24 மணி நேரம் செல்லும். 18 வயதுக்குக் கீழ் எந்த நாட்டுப் பிள்ளைக்கும் இலவசம், ஆனால் இலவசச் சீட்டையும் நேரம் குறித்துப் பதிவு செய்தாக வேண்டும். பெரியவர்களுக்கு மட்டும் வாங்கிவிட்டு வாசலில் பார்த்துக்கொள்ளலாம் என்று போனால் பிள்ளைகள் வெளியே நிற்பார்கள். 18 முதல் 25 வயதுக்கான சலுகை ஐரோப்பிய ஒன்றியத்தவருக்கு மட்டுமே. விற்பனை 30 நாள் முன்பு திறக்கும், காலைச் சீட்டுகள் வேகமாகத் தீரும். 2023 அக்டோபரிலிருந்து சீட்டில் பெயர் அச்சாகிறது, வாசலில் பாஸ்போர்ட்டோடு ஒப்பிடுகிறார்கள். மேலே சொன்ன பெயர் விவகாரம் இங்கேயும் தலைகாட்டும்: பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து அடியுங்கள். தேடினால் முதலில் வருபவை பெரும்பாலும் இடைத்தரகர் தளங்கள், அவற்றில் விலை இரண்டு மூன்று மடங்கு. கொலோசியத்தின் சொந்தத் தளம் 'டாட் ஐடி' என்றும் வத்திக்கானுடையது 'டாட் விஏ' என்றும் முடியும்.

வத்திக்கான் அருங்காட்சியகம் 20 யூரோ, இணையப் பதிவுக்கு மேலும் 5. ஞாயிறு மூடியிருக்கும், மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் காலையில் இலவசமாகத் திறக்கும். அந்த இலவசத்துக்கு ஆசைப்படவேண்டாம், திருப்பதி தர்ம தரிசன வரிசை மாதிரி நகரும். பொர்கேசே கலைக்கூடத்துக்கு முன்பதிவு கட்டாயம். இரண்டு மணி நேரம்தான் உள்ளே இருக்க விடுவார்கள், திங்கள் விடுமுறை. பெர்னினியின் சிற்பங்களைப் பிள்ளைகள் அருகிலிருந்து பார்க்கலாம் என்பதால், நேரம் குறைவென்றால் வேறு எதை விட்டாலும் இதை விடாதீர்கள். பாந்தியன் எனும் பழைய ரோமானியக் கோயிலுக்கு 2023 ஜூலையிலிருந்து 5 யூரோ, 18 வயதுக்குக் கீழ் இலவசம். பிள்ளைகளுக்குப் பல இடங்களில் இலவசம் என்பதால், ரோமா பாஸ் எனும் சுற்றுலா அட்டை வாங்குவது குடும்பத்துக்கு லாபமாக இருப்பது அபூர்வம்.

நாட்களை அடுக்குவது

இறங்கிய நாளையும் சேர்த்து நான்கு நாட்கள் வேண்டும். கொலோசியத்தையும் வத்திக்கானையும் ஒரே நாளில் போட்டால் மாலை நாலு மணிக்குப் பிள்ளை அழும், பாட்டி பேசமாட்டார்.

இறங்கிய நாளில் நேரம் குறித்த சீட்டு எதுவும் வேண்டாம். விமானம் தாமதமானால் அந்தப் பணம் போனதுதான். நவோனா சதுக்கம், பாந்தியனின் வெளிப்புறம், திரெவி நீரூற்று மூன்றும் நடக்கும் தூரத்தில் உள்ளவை. திரெவியில் காலை நனைத்தாலும் ஸ்பானியப் படிகளில் உட்கார்ந்தாலும் அபராதம். படிகளில் உட்கார 2019-இலிருந்து தடை.

இரண்டாம் நாள் கொலோசியம், காலை எட்டரைக்கு. வெஸ்பாசியன் கட்டத் தொடங்கி, கி.பி. 80-இல் அவர் மகன் டைட்டஸ் திறந்துவைத்தது. முட்டி வலிக்காரர்களுக்கு மேல்தளம் போக மின்தூக்கி உண்டு, ஊழியரிடம் கேளுங்கள். வெளியே வந்ததும் மன்றத்துக்குள் போய்விடுங்கள். அங்கே நிழல் குறைவு, பதினோரு மணிக்கு மேல் கல் சுடும். தரை முழுக்கக் கருங்கல் பதித்தது. தள்ளுவண்டிச் சக்கரமும் மெல்லிய செருப்பும் தாங்காது. மதியம் அறையில் இரண்டு மணி நேரம் ஓய்வு, மாலை மறுபடி வெளியே.

மூன்றாம் நாள் வத்திக்கான். புனித பேதுரு பேராலயம் இலவசம், ஆனால் பாதுகாப்புச் சோதனை வரிசை நீளும். காலை ஏழு மணிக்குப் போனால் வரிசை சின்னது. புதன் காலை போப்பின் பொதுச் சந்திப்பு இருந்தால் அது முடியும்வரை உள்ளே விடமாட்டார்கள், வேறு நாள் பாருங்கள். தோளும் முழங்காலும் மூடியிருக்கவேண்டும். சல்வார், புடவை, முழுக்கால்சட்டை எதுவும் சரி. குவிமாடத்துக்கு 551 படி, மின்தூக்கியில் பாதி போனாலும் 320 படி மிச்சம். அருங்காட்சியகத்தின் வாசல் சதுக்கத்தில் இல்லை. மதிலைச் சுற்றி வடக்குப் பக்கம் கால் மணி நேரத்துக்கு மேல் நடக்கவேண்டும். சதுக்கத்தில் நின்று தேடியே நேரத்தைத் தவறவிடுபவர்கள் தினமும் உண்டு. சிஸ்டைன் சிற்றாலயத்தில் புகைப்படம் எடுக்கக்கூடாது.

நான்காம் நாள் பொர்கேசே கலைக்கூடமும் அதைச் சுற்றிய பூங்காவும்.

குடிநீருக்குக் காசு செலவழிக்காதீர்கள். 'நசோனி' எனப்படும் தெருக்குழாய்கள் ஊரெங்கும் சுமார் 2,500 உண்டு, 1874-இலிருந்து ஓடுகின்றன. குழாய் வாயை விரலால் அடைத்தால் மேலுள்ள துளை வழியாகத் தண்ணீர் பீய்ச்சும், வாய் வைத்துக் குடிக்கலாம். பிள்ளைகளுக்கு இது அருங்காட்சியகத்தைவிடப் பிடிக்கும்.

போக்குவரத்து

பியூமிச்சினோ விமான நிலையத்திலிருந்து நகரின் பெரிய ரயில் நிலையமான தெர்மினிக்கு லியனார்டோ ரயில் 32 நிமிடம், ஒருவருக்கு 14 யூரோ. டாக்சிக்கு மதில் சூழ்ந்த பழைய நகருக்குள் 55 யூரோ நிலையான கட்டணம், ஆளுக்கல்ல, வண்டிக்கு. பெட்டிகளோடு நான்கு பேர் என்றால் டாக்சிதான் சரி. வரிசையில் நிற்கும் வெள்ளை வண்டியில் ஏறுங்கள், உள்ளே வந்து கூப்பிடுபவர்களோடு போகாதீர்கள். நகரப் பேருந்து, மெட்ரோவுக்கு 1.50 யூரோ, 100 நிமிடம், அதில் மெட்ரோ ஒருமுறைதான். 10 வயதுக்குக் கீழ் இலவசம். வங்கி அட்டையைத் தட்டியும் ஏறலாம், ஆனால் ஆளுக்கொரு அட்டை வேண்டும். 64-ஆம் எண் பேருந்தும் தெர்மினி மெட்ரோவும் ஜேப்படிக்காரர்களுக்குப் பிடித்த இடங்கள். பையை முன்பக்கம் மாட்டுங்கள். அவசர எண் 112.

சாப்பாடு

சுத்த சைவக்காரர்கள் கவனிக்க: ரோமின் பெக்கோரினோ பாலாடைக்கட்டி ஆட்டுக்குட்டியின் வயிற்றுச் சாறும், பார்மிஜானோ கன்றின் வயிற்றுச் சாறும் சேர்த்துத் தயாராகின்றன. அது ஆகாதென்றால் பீட்சா மரினாரா கேளுங்கள். தக்காளி, பூண்டு, ஓரிகானோ, எண்ணெய், அவ்வளவுதான். பாலாடைக்கட்டி பரவாயில்லை என்பவர்களுக்கு மிளகு மணக்கும் காச்சியோ எ பேப்பே பாஸ்தா. கார்போனாரா, அமாத்ரிச்சானா பாஸ்தாக்களில் பன்றிக் கன்னத்து இறைச்சி இருக்கும். சுப்ளி எனும் சோற்று உருண்டைக்குள்ளும் இறைச்சிக் குழம்பு இருக்கலாம். 'சென்ஸா கார்னே, சென்ஸா பேஷே' என்றால் இறைச்சியும் மீனும் வேண்டாம் என்று அர்த்தம். இரவுச் சாப்பாட்டுக்கு ஏழரைக்கு முன் நல்ல உணவகங்கள் திறக்காது. பிள்ளைகளுக்கு ஆறு மணிக்கு எடைக்கு வெட்டித் தரும் பீட்சா வாங்கிக் கொடுத்துவிடுங்கள். அரிசி, பருப்பு, பச்சைமிளகாய் வேண்டுமென்றால் தெர்மினிக்குப் பக்கத்தில் எஸ்குவிலினோ சந்தை.

பணம்

ஓட்டல் வாடகையில் சேராத நகரவரி தனியாகக் கட்டவேண்டும்: மூன்று நட்சத்திரத்தில் ஒருவருக்கு ஓர் இரவு 6 யூரோ, நான்கில் 7.50. 10 வயதுக்குக் கீழ் கிடையாது. சில இடங்களில் ரொக்கமாகவே கேட்பார்கள். அட்டை இயந்திரம் ரூபாயா யூரோவா என்று கேட்டால் யூரோவை அழுத்துங்கள். ரூபாய் என்றால் மாற்று விகிதத்தில் அடி விழும். ஒரே கடையில் 70 யூரோவுக்கு மேல் வாங்கிய பொருளுக்கு வரி திரும்பக் கிடைக்கும். கடையில் படிவம் வாங்கி, விமான நிலையத்தில் பெட்டியை ஒப்படைக்கும் முன் சுங்கத்தில் காட்டவேண்டும். ஒப்படைத்த பிறகு நினைவு வந்தால் பயனில்லை. அதனால் அந்தப் பொருட்களைப் பெட்டியின் மேலாக வையுங்கள்.