கசிந்தால் மேலே போகுமா, கீழே தங்குமா?

லோட் ஷெட்டிங் என்கிற மின்வெட்டு படுத்தின பாட்டில், தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் எத்தனையோ வீடுகளில் 9 கிலோ கேஸ் சிலிண்டர், ஜெனரேட்டருக்கு ஒரு கேன் பெட்ரோல், மாடிப்படிக்கு அடியில் இன்வெர்ட்டர் பேட்டரி எல்லாம் சேர்ந்துவிட்டன. இவை பழகிவிட்டன, ஹைட்ரஜன் என்றால்தான் பயம். ஆனால் தண்ணீர் ஊற்றுகிற லெட் ஆசிட் பேட்டரி சார்ஜ் ஆகும்போது வெளியே விடுவது அதே ஹைட்ரஜனைத்தான்.

எந்த எரிபொருளானாலும் முதலில் ஒன்றைக் கேளுங்கள்: கசிந்தால் எங்கே போகும்? சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு ஊர்ந்து போய் மூலையிலும் சாக்கடையிலும் தங்கிக்கொள்ளும். பெட்ரோல் ஆவியும் அப்படியே. ஹைட்ரஜன் காற்றைவிட 14 மடங்கு லேசு, திறந்த வெளியில் சட்டென்று மேலே போய்க் கலைந்துவிடும், இதில் அது மற்ற இரண்டையும்விட நல்லது. கூரைக்கு அடியில் அடைபட்டால்தான் வம்பு. கேஸ் காற்றில் சுமார் 2 முதல் 10 சதவீதம் இருந்தால்தான் பற்றும், ஹைட்ரஜனோ 4-லிருந்து 75 வரைக்கும் பற்றும், அதற்குத் தேவையான பொறியும் பெட்ரோலுக்கு வேண்டியதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஹைட்ரஜனுக்கு வாசனை கிடையாது, பகலில் அதன் தீ கண்ணுக்கே சரியாகத் தெரியாது.

அதனால் பேட்டரியை மூடின அலமாரியில் வைக்காதீர்கள். மேலேயும் கீழேயும் காற்று போக வழி விடுங்கள், மேல் வழி கூரையை ஒட்டி இருக்கட்டும். பேட்டரிக்கு மேல் தட்டில் சாமி விளக்கோ சூடமோ ஏற்றவே கூடாது, இதைப் பல வீடுகளில் பார்த்து மனசு பதறியிருக்கிறது. வயரைக் கழற்றுவதற்கு முன் சார்ஜரை நிறுத்துங்கள். அழுகின முட்டை நாற்றம் வந்தால், அது ஹைட்ரஜனின் வாசனை இல்லை, பேட்டரி அளவுக்கு மேல் சார்ஜ் ஆகிறது என்று அர்த்தம், பக்கத்தில் போகாமல் கதவைத் திறந்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

சமையல் கேஸ் நாற்றம் அடித்தால் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். வால்வை மூடி, தரையோடு திறக்கிற வாசல் கதவை அகலத் திறந்து எல்லாரும் வெளியே போங்கள், ஃபோன் பேசுவதும் வெளியே போய்த்தான். ஜன்னல் மட்டும் திறந்தால் கீழே தங்கின கேஸ் போகாது. கோயிலில் கஞ்சி காய்ச்சப் பெரிய அடுப்பு வைக்கும்போது, பற்றவைக்கும் முன் ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள், குமிழி வந்தால் கசிவு.

ஜெனரேட்டர் எப்போதும் வெளியில், ஜன்னலுக்குத் தள்ளி. சூடு ஆறினபிறகுதான் பெட்ரோல் ஊற்ற வேண்டும்.

லிம்போபோவின் மொகலக்வேனா பிளாட்டினம் சுரங்கத்தில் 2022-ல் ஹைட்ரஜனில் ஓடும் ராட்சத லாரியை இறக்கினார்கள், நாளைக்கு நம் தெருவுக்கும் அப்படி வண்டி வரலாம். அதை மூடின கராஜில் நிறுத்தப் போகிறீர்கள் என்றால், ஹைட்ரஜன் சென்சாரைக் கூரையில் மாட்டச் சொல்லுங்கள், கேஸ் சென்சாரைப்போலத் தரைக்குப் பக்கத்தில் மாட்டினால் அது சத்தமே போடாது.